முதல் டெஸ்டுக்கு முந்தைய நாட்கள்: இலங்கை கிரிக்கெட் நிறுவனத்துக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கும் தேசிய தெரிவுக்குழுவினருக்கும்,

வணக்கம்.

எமது அணி வெளிநாடு செல்லும்போது, முதல் டெஸ்ட் தொடங்குவதற்கு முன்னர் அதற்குக் கிடைக்கும் நாட்களைப் பற்றியே இந்த மடல். டெஸ்ட், ஒருநாள், இருபதுக்கு 20 என மூன்று வகைப் போட்டிகளும் ஒரே பயணத்தில் அடுக்கப்படும் இக்காலத்தில், அந்த நாட்களே முதலில் வெட்டப்படுகின்றன. அதன் விலையை முதல் இனிங்ஸிலேயே செலுத்துகிறோம் என்பதும், அதைச் சீர்செய்வதற்கான வழி பெருமளவு உங்கள் கைகளிலேயே இருக்கிறது என்பதும் எனது கருத்து. மட்டக்களப்பில் பாடசாலை மாணவர்களுக்கு நீண்ட காலம் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இலங்கை அணி எந்த நேர வலயத்தில் ஆடினாலும் விழித்திருந்து பார்க்கும் பல்லாயிரம் பேரில் ஒருவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பரில் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னாபிரிக்காவை 191 ஓட்டங்களுக்குள் சுருட்டிய அணி, பதிலுக்கு 13.5 ஓவர்களில் 42 ஓட்டங்களுடன் சுருண்டது. மார்கோ யான்சன் 13 ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகளை எடுத்தார். 1994இல் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெற்ற 71 ஓட்டங்களே அதுவரை எமது டெஸ்ட் வரலாற்றின் மிகக் குறைந்த எண்ணிக்கையாக இருந்தது. அந்த நாளைப் பற்றி எழுதியவர்களில் பலர் 42 என்ற எண்ணோடு நின்றுவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதற்குப் பின் வந்த எண்களே. அதே ஆடுகளத்தில், அதே பந்துவீச்சாளர்களுக்கு எதிராக, அதே துடுப்பாட்ட வீரர்கள் இரண்டாவது இனிங்ஸில் 282 ஓட்டங்களைப் பெற்றார்கள். தினேஷ் சந்திமால் 83, தனஞ்சய டி சில்வா 59. அடுத்து கெபெர்ஹாவில் முதல் இனிங்ஸில் 328, இரண்டாவதில் 238. திறமை இல்லாத அணி இப்படி ஆடாது. எகிறி வரும் பந்தின் உயரத்தையும் அது காற்றில் விலகும் அளவையும் கண்ணும் கையும் பழகிக்கொள்ள ஓர் இனிங்ஸ் தேவைப்பட்டது. அந்த இனிங்ஸ், தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பயிற்சிப் போட்டியில் கழிந்திருக்க வேண்டியது, உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் புள்ளிகள் தொங்கிக்கொண்டிருந்த போட்டியில் கழிந்தது.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் கூறவில்லை. உள்நாட்டில் நியூசிலாந்துக்கு எதிராக நடந்துகொண்டிருந்த ஒருநாள் தொடர் முடியும் முன்னரே சில முதன்மைத் துடுப்பாட்ட வீரர்களை விடுவித்துத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பினீர்கள். அந்த முடிவை வரவேற்கிறேன். ஆயினும் பல்லேகலவில் நடந்த கடைசி ஒருநாள் போட்டிக்கும் டர்பன் டெஸ்டின் முதல் பந்துக்கும் இடையில் எட்டு நாட்களே இருந்தன. வலைப்பயிற்சி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், ஆட்டமிழந்தால் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற பயம் அதில் இல்லை. பத்துத் தடவை ஸ்டம்ப் சரிந்தாலும் பதினோராவது பந்தை எதிர்கொள்ளலாம். இரண்டு மணித்தியாலம் ஓட்டம் வராமல் நின்று, அதன் பின்னும் வெளியே போகும் பந்தை விட்டுவிடும் பொறுமையை எந்த வலையும் கற்றுத் தராது.

பழைய சுற்றுப்பயணங்களைப் புரட்டிப் பாருங்கள். 1995இல் பாகிஸ்தானில் பெஷாவரில் நடந்த முதல் டெஸ்டில் இனிங்ஸ் தோல்வி கண்ட அர்ஜுன ரணதுங்கவின் அணி, பைசலாபாத்தில் 42 ஓட்டங்களாலும் சியால்கோட்டில் 144 ஓட்டங்களாலும் வென்று தொடரை 2-1 எனக் கைப்பற்றியது. 2006இல் லோர்ட்ஸ் மைதானத்தில் முதல் இனிங்ஸில் 192 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து, மீண்டும் துடுப்பெடுத்தாடப் பணிக்கப்பட்ட அணி, 199 ஓவர்கள் நின்று ஒன்பது விக்கெட் இழப்புக்கு 537 ஓட்டங்களைப் பெற்றுப் போட்டியைக் காப்பாற்றியது; மஹேல ஜயவர்தனவின் 119 ஓட்டங்களுக்குப் பக்கத்தில் நுவன் குலசேகரவின் 64ஐயும் நான் எப்போதும் சேர்த்தே நினைப்பேன். பேர்மிங்ஹாமில் தோற்று, நொட்டிங்ஹாமில் முரளிதரன் 70 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட் வீழ்த்தத் தொடர் 1-1 எனச் சமனானது. அதன் பின் நடந்த ஐந்து ஒருநாள் போட்டிகளிலும் இங்கிலாந்து தோற்றது. 2024இல் மீண்டும் இங்கிலாந்து: மன்செஸ்டரில் முதல் மூன்று விக்கெட்டுகள் ஆறு ஓட்டங்களுக்குள் சரிந்து தொடங்கிய தொடர், மூன்றாவது டெஸ்டில் ஓவல் மைதானத்தில் பெத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் பெற்ற 127 ஓட்டங்களோடும் எட்டு விக்கெட் வெற்றியோடும் முடிந்தது.

இந்த மூன்று தொடர்களுக்கும் பொதுவானது, அவை மூன்று டெஸ்டுகள் கொண்டவை என்பதே. 2024இன் இங்கிலாந்துப் பயணம் இரண்டு டெஸ்டுகளோடு முடிந்திருந்தால், ஏட்டில் 0-2 என்று மட்டுமே எஞ்சியிருக்கும். ஓவல் வெற்றி நடந்தே இருக்காது. இப்போது எமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு டெஸ்ட் தொடர்களே. 2025ஆம் ஆண்டு முழுவதிலும் இலங்கை ஆடியது நான்கு டெஸ்டுகள், நான்கும் உள்நாட்டில். தொலைக்காட்சி உரிமையின் வருமானம் போட்டியை நடத்தும் சபைக்கே செல்வதால், எம்மை அழைத்து மூன்றாவது டெஸ்டை நடத்த எந்தப் பெரிய சபையும் முந்திக்கொண்டு வரப்போவதில்லை என்பதை நான் அறிவேன். அதனால்தான் மூன்றாவது டெஸ்டைக் கேட்டு இந்த மடலை நிரப்பவில்லை. மூன்றாவது டெஸ்ட் கிடைக்காதெனில், அது தந்திருக்கக்கூடிய பழக்கத்தை முதல் டெஸ்டுக்கு முன்னரே தேடிக்கொள்ள வேண்டும் என்றே கேட்கிறேன்.

தேடிக்கொள்வதற்கான ஒரு வழி எமது சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 1998இல் ஓவலில் முரளிதரன் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தி, சனத் ஜயசூரிய 213 ஓட்டங்களையும் அரவிந்த டி சில்வா 152 ஓட்டங்களையும் பெற்றுத் தந்த அந்த ஒரே டெஸ்ட், பயணத்தின் கடைசியில் வந்தது. அதற்கு முன்னர் தென்னாபிரிக்காவும் இங்கிலாந்தும் பங்கேற்ற முக்கோண ஒருநாள் தொடரை ஆடி, லோர்ட்ஸில் நடந்த இறுதிப் போட்டியையும் வென்றிருந்தார்கள். 2014இலும் அதே ஒழுங்குதான். மே மாத ஆரம்பத்தில் அயர்லாந்தில் தொடங்கி, இங்கிலாந்தில் ஒரு இருபதுக்கு 20 போட்டியையும் ஐந்து ஒருநாள் போட்டிகளையும் ஆடி முடித்த பின்னர், ஜூன் நடுப்பகுதியிலேயே லோர்ட்ஸ் டெஸ்ட் வந்தது. அது கடைசி விக்கெட்டோடு தப்பிய சமநிலை. அடுத்து ஹெடிங்லியில் அஞ்சலோ மெத்தியூஸ் 160 ஓட்டங்களைப் பெற்று, ரங்கன ஹேரத்துடன் எட்டாவது விக்கெட்டுக்கு 149 ஓட்டங்களைச் சேர்த்தார். போட்டி முடிய ஒரு பந்து எஞ்சியிருக்கையில் ஷமிந்த எரங்க ஜேம்ஸ் அண்டர்சனை ஆட்டமிழக்கச் செய்தார். அந்தப் பயணத்தில் மூன்று வகைத் தொடர்களையும் இலங்கையே வென்றது. ஆகவே நிகழ்ச்சி நிரல் பேசப்படும் மேசையில், பயிற்சிப் போட்டிகளுக்கு இடமில்லை என்று அழைக்கும் நாட்டின் சபையினர் கைவிரித்தால், குறைந்த ஓவர் போட்டிகளை முன்னாலும் டெஸ்டுகளைப் பின்னாலும் வைக்கும்படி கேளுங்கள். அதற்கு எந்தச் சபைக்கும் பெரிய செலவு வரப்போவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பதையும் உணர்கிறேன். 2014இல் சங்கக்காரவும் மஹேலவும் மெத்தியூஸும் ஒருநாள் அணியிலும் இருந்தார்கள், டெஸ்ட் அணியிலும் இருந்தார்கள். இன்று குழாம்கள் பிரிந்துவிட்டன. ஒருநாள் அணி அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போது டெஸ்ட் அணிக்கு மட்டும் உரியவர்கள் கொழும்பில் இருந்தால், முன்னால் வந்த போட்டிகளால் அவர்களுக்கு என்ன பயன்? இதற்கான விடை, அந்த ஆறேழு வீரர்களையும் தேசிய அணிக்கு அடுத்த நிலையிலுள்ள இலங்கை ஏ அணியோடு சேர்த்து அதே நாட்டில் அதே வாரங்களில் நான்கு நாள் போட்டிகளில் ஆட வைப்பதே. ஏ அணியின் பயணங்கள் இப்போதும் நடக்கின்றன. அவற்றின் திகதியும் நாடும் தேசிய அணியின் டெஸ்ட் பயணத்தோடு பொருந்தும்படி அமைய வேண்டும் என்பதே கோரிக்கை.

2019ஐச் சொல்லி என்னை மறுப்பவர்களும் இருப்பார்கள். தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணி நாம்; அங்கே முதல் போட்டியே டெஸ்ட்தான். டர்பனில் 304 ஓட்டங்களைத் துரத்தி, ஒன்பதாவது விக்கெட் 226இல் விழுந்த பின்னர் குசல் ஜனித் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும் பிரிக்கப்படாத 78 ஓட்டங்களைச் சேர்த்ததையும், அதில் விஷ்வவின் பங்கு ஆறு ஓட்டங்கள் மட்டுமே என்பதையும் இங்குள்ள பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த அணி எங்கிருந்து டர்பனுக்கு வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 2018 டிசம்பரில் வெலிங்டனில் தொடங்கி, கிறைஸ்ட்சேர்ச், பிரிஸ்பேன், கன்பரா என்று இரண்டு மாதங்கள் எகிறும் பந்துகளுக்கு நடுவில் அடிபட்டே அது அங்கு வந்து சேர்ந்தது. கன்பராவில் தலைக்கவசத்தில் பந்து பட்டு வெளியேறிய அதே குசல் பெரேராதான் இரண்டு வாரங்களுக்குள் டர்பனில் 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். அடிமேல் அடி வாங்கிய அந்த இரண்டு மாதங்களை எவரும் திட்டமிட்டுத் தரவில்லை. ஆயினும் பயிற்சி என்ற வகையில் அவை வீண்போகவில்லை. (சுழற்பந்து வீச்சாளர் லசித் எம்புல்தெனிய டர்பனில்தான் அறிமுகமாகி இரண்டாவது இனிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளை எடுத்தார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் ஒரே காரணத்துக்குள் அடக்க முடியாது.)

அதே பயணத்தின் மறுபக்கமும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. டெஸ்ட் தொடரை 2-0 என வென்ற கையோடு தொடங்கிய ஒருநாள் தொடரில் ஐந்து போட்டிகளிலும் தோற்றோம். இருபதுக்கு 20 தொடரையும் 3-0 என இழந்தோம். 2023 மார்ச்சில் நியூசிலாந்திலும் இதுவே நடந்தது. வெலிங்டன் டெஸ்ட் முடிந்து ஐந்தாவது நாளில் ஒக்லாந்தில் ஆரம்பித்த ஒருநாள் தொடரின் முதல் போட்டியில் 76 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து 198 ஓட்டங்களால் தோற்றோம். இரண்டாவது போட்டி மழையால் கைவிடப்பட, மூன்றாவதிலும் தோற்று, உலகக் கிண்ணத்துக்கு நேரடியாகத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்து, சிம்பாப்வேயில் தகுதிகாண் சுற்றை ஆட வேண்டியதாயிற்று. ஒரு வகைப் போட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில் புதிதாக வந்திறங்கும் வீரருக்கு, டெஸ்ட் வீரருக்கு வேண்டிய அதே பழக்கம் வேண்டும். ஐம்பது ஓவர் ஆட்டம் குறுகியதென்பதால் பந்து குறைவாக எகிறுவதில்லை.

இதை மட்டக்களப்பிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கிழக்கிலிருந்து தேசிய குழாத்துக்கு எவரையும் எடுப்பதில்லையே என்ற முறைப்பாட்டை இதற்குள் நுழைக்கப் போவதில்லை. அது தனி மடலுக்குரியது. நான் சொல்ல வருவது வேறு. எமது மாவட்டத்தின் பல பாடசாலை மைதானங்களில் சீமெந்துத் தளத்தின் மேல் பாய் விரித்தே ஆடுகிறார்கள். பாயில் பந்து ஒரே சீராக, மார்பளவுக்கு எழும். அப்படி ஆடி வளர்ந்த பிள்ளைகள் இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், காலையில் புற்தரை ஆடுகளத்தில் இறங்கினால், முதல் பத்து ஓவர்களுக்குள் நான்கு பேராவது முன்காலில் பந்து பட்டோ, பந்து வரும் முன்னரே மட்டையை வீசியோ திரும்பிவிடுவார்கள். அதே பிள்ளைகள் மாலையில் இன்னொரு முறை துடுப்பெடுத்தாடினால் முற்றிலும் வேறு அணிபோலத் தெரிவார்கள். ஒரு நாள் முன்னதாகப் போய் உள்ளூர்க் கழகமொன்றோடு ஓர் ஆட்டம் ஆடிய ஆண்டுகளில் முடிவு வேறாக இருந்தது. பாடசாலை அணியொன்று, கையிலிருந்த சொற்பப் பணத்தில் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை, தேசிய அணிக்காக எழுதிக் கேட்க வேண்டியிருப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

பயிற்சிப் போட்டி என்று நான் குறிப்பிடுவது எதை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அண்மைக் காலத்தில் அந்தப் பெயரில் நடப்பவற்றுள் பல, இரு பக்கமும் பதினைந்து பேர் ஆடும் இரண்டு நாள் ஆட்டங்கள். எல்லோருக்கும் துடுப்புக் கிடைக்க வேண்டுமென்று ஐம்பது ஓட்டங்கள் பெற்றவர் தாமாகவே விலகிக்கொள்வார். அது வலைப்பயிற்சியின் நீட்சி மட்டுமே. பதினொருவர் ஆடும், முதல்தரத் தகுதி கொண்ட, நான்கு நாள் போட்டி குறைந்தது ஒன்றாவது வேண்டும். இரண்டு கிடைத்தால் நல்லது. 2024இல் இங்கிலாந்துப் பயணத்தில் வூஸ்டரில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை அணியான லயன்ஸுடன் நான்கு நாள் போட்டி ஒன்று ஆடப்பட்டது. அதில் தோற்றோம். அந்தத் தோல்வியைப் பற்றி இன்று எவரும் கவலைப்படுவதில்லை. பயிற்சிப் போட்டியின் பயனே அதுதான்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ் என்ற வகைப் பந்து. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் கூக்கபரா. டியூக்ஸ் பந்தின் தையல் நீண்ட நேரம் எழும்பியிருப்பதால் நாற்பதாவது ஓவரிலும் அது அசையும். டியூக்ஸ் பந்து பயன்படும் நாட்டுக்குப் பயணம் வரும் பருவத்தில், உள்நாட்டு நான்கு நாள் போட்டிகளில் சிலவற்றையாவது அந்தப் பந்தில் நடத்துங்கள். பல்லேகலவில் புல்லை முழுதாகச் சிரைக்காமல் இரண்டு ஆடுகளங்களைத் தயாரியுங்கள். காலி நகரின் மைதானத்தில் மூன்றாம் நாள் சுழலும் பந்தை எதிர்கொள்ளும் திறன் எமது வீரர்களுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது.

தெரிவுக்குழுவினரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாடு செல்லும் தேசிய குழாத்துக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். 2017 டிசம்பரில் அந்த அங்கீகாரம் கிடைக்காமையால், இந்தியாவில் ஒருநாள் தொடரில் ஆடச் செல்லவிருந்த வீரர்கள் புறப்படும் நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். (அப்படித் தாமதமாகச் சென்ற அணி தர்மசாலாவில் இந்தியாவை 112 ஓட்டங்களுக்குள் சுருட்டி வென்றது என்பது வேறு கதை, அடுத்த போட்டியில் ரோஹித் சர்மா இரட்டைச் சதம் அடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.) சட்டம் இருக்கும்வரை அதற்கு உட்பட்டே நடக்க வேண்டும். ஆனால் பயணம் தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர்தான் பெயர்களை அனுப்ப வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. டெஸ்ட் குழாம் ஆறு வாரங்களுக்கு முன்னரே முடிவானால், அதிலுள்ளோரை லீக் சுற்றிலிருந்தோ உள்நாட்டு ஒருநாள் தொடரிலிருந்தோ எப்போது விடுவிப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். 2015 உலகக் கிண்ணத்துக்குப் பின் ஒருநாள் போட்டி எதிலும் ஆடாதிருந்த திமுத் கருணாரத்னவை 2019 உலகக் கிண்ணத்துக்கு ஒருநாள் அணித் தலைவராக்கியது போன்ற திடீர் முடிவுகளுக்குப் பின்னால் காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தால், அவற்றை இரண்டு பந்தியிலாவது, தமிழிலும், குழாம் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள்.

செலவு அதிகம் என்ற பதில் வரும் என்பதை எதிர்பார்க்கிறேன். முப்பது பேரை இன்னும் பத்து நாட்கள் வெளிநாட்டில் தங்க வைப்பது சிறு தொகையல்ல. இருந்தும் மைதானங்களுக்கு வெளியே செலவாகும் பணத்தின் கணக்குகளைப் பற்றிப் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் எத்தனையோ தடவை விவாதிக்கப்பட்டிருக்கும் நாட்டில், பத்து நாள் விடுதிச் செலவை முதலாவதாக வெட்டுவது நியாயமாகத் தெரியவில்லை. டெஸ்ட் சம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றிக்குப் 12 புள்ளிகள், சமநிலைக்கு நான்கு. இரண்டு டெஸ்ட் தொடரில் முதலாவதை இழந்தவுடன், மீதி ஒன்றை வென்றாலும் பாதிப் புள்ளிகளே கிடைக்கும். அந்தப் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டே நாம் விமானம் ஏறுகிறோம்.

நியூசிலாந்தில் டெஸ்ட் தொடங்கும்போது எமக்கு அதிகாலை 3.30 மணி; மேற்கிந்தியத் தீவுகளிலோ இரவு உணவுக்குப் பின்னர்தான் முதல் பந்து. கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் இந்த நேரங்களுக்கு விழித்திருப்பவர்கள் வெற்றி கிடைத்தால்தான் பார்ப்போம் என்று பேரம் பேசுபவர்கள் அல்லர். முதல் ஒரு மணித்தியாலத்திலேயே ஆட்டத்தின் போக்கு முடிந்துவிடாமல் இருந்தால் போதும் என்பதே அவர்களது எதிர்பார்ப்பு.

அடுத்த டெஸ்ட் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சி நிரலை நீங்கள் அறிவிக்கும்போது, சர்வதேசப் போட்டிகளின் திகதிகளோடு மூன்று விபரங்களையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: டெஸ்ட் குழாம் அந்த நாட்டில் இறங்கும் நாள், அது ஆடப்போகும் பயிற்சிப் போட்டியின் திகதியும் தகுதியும், அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் ஏ அணி அங்கு சென்றதா என்பது. பயிற்சிப் போட்டியைக் கேட்டும் எதிர்த்தரப்பு மறுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். அப்போது எமது கேள்வியை உங்களிடம் கேட்காமல் அவர்களிடம் கேட்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.